பல்லி சொன்ன ஊதா

ஒரு படுக்கையறைச் சுவரில் பல்லி ஒன்று குடியிருந்தது. சுவரும் வெளிறல், அதுவும் வெளிறல். கிட்டே போய் வாயைத் திறக்கும்வரை எந்தப் பூச்சியின் கண்ணிலும் படாது.

ஒருநாள் வீட்டுக்காரி சுகந்தியும் அவள் புருஷன் மாரியப்பனும் வந்து, சுவரில் கத்தரிப்பூ, வாடாமல்லி, நாவல்பழம் என்று மூன்று ஊதாத் திட்டுகளைப் பூசினார்கள். எது நல்ல ஊதா என்ற வாக்குவாதம் சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஓயவில்லை.

"லைட்டை அணைச்சிட்டுத் தூங்கப்போற ரூமுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று மூலையிலிருந்த சிலந்தியிடம் பொருமியது பல்லி. "அதுலயும் அந்த நாவல்பழம்! அடிபட்டுக் கன்னிப்போன மாதிரி இருக்கு."

"உனக்கெதுக்கு வம்பு? வாயை மூடிக்கிட்டு இரு" என்றது சிலந்தி.

வாய் சும்மா இருந்தால்தானே! சுகந்தி நாவல்பழத் திட்டைத் தொட்டு, "ஏங்க, இதையே அடிச்சிடலாமா?" என்றதும், பல்லி இளக்காரமாக "ச்சு, ச்சு, ச்சு" என்று உச்சுக்கொட்டியது.

சுகந்தி பயபக்தியோடு சுவரை விரலால் தட்டிக்கொண்டாள். "கேட்டீங்களா? பல்லியே சொல்லிடுச்சு!"

நாலு சுவரும் நாவல்பழமாகிவிட்டன.

பெயிண்ட் காய்ந்ததும் பல்லி இரைதேடி இறங்கியது. "அண்ணே, ஜன்னல்லேருந்தே பளிச்சுனு தெரியிறீங்க!" என்று சிரித்தபடி ஓர் ஈசல் பறந்தது. பல்லிக்குப் பசி காதை அடைத்தது.

"மனுஷன் இருப்பானா இந்த ரூம்ல? நான் ஹாலுக்கே போறேன், ச்சு!" என்று சலித்துக்கொண்டது.

மெத்தை விரிப்பைத் தட்டிக்கொண்டிருந்த சுகந்தி நிமிர்ந்தாள்.

"ஏங்க, பல்லி மறுபடியும் சொல்லுது. ஹாலுக்கும் இதையே அடிச்சிடுவோம்."