வெள்ளை நூலில் ஒரு சொட்டு

"எச்சிலைத் தொட்டுத் தேய்டி. அவங்கவங்க ரத்தக் கறை அவங்கவங்க எச்சிலுக்குத்தான் போகும்," என்றாள் அம்மா.

ஆட்டு ரோமம் பறந்து தொண்டையை அரிக்கிறதென்று, குளிர்காலம் முழுக்க வாயைத் துணியால் கட்டிக்கொண்டே அவள் நூற்ற நூல் அது. ஞாயிறன்று அக்கா தூன்யாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் முன்னால், எவ்வளவு மெல்லிசு என்று மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்ட வேண்டிய சால்வைக்கு லூஷா ஓரம் பின்னுவது மட்டும் பாக்கி.

வாய் வறளும்வரை தேய்த்தாள் லூஷா. சிவப்புச் சொட்டு அப்படியே இருந்தது.

"என் கையில ஊசி குத்தவே இல்லம்மா."

"வாயாடாத. போய்ப் பனி அள்ளிட்டு வா, அலசிப் பாக்கலாம்."

லூஷா வாளியோடு திரும்பியபோது நூலில் கறை இல்லை. அம்மா ஈர விரல்களால் அவசரமாக வாய்த்துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்பலேர்ந்து ரத்தம் வருதும்மா?"

"கல்யாணம் முடியட்டும்டி. தூன்யாகிட்ட மூச்சு விடாத."