மிஞ்சினால் யாருக்கு?

"கம்பெனின்னு பதிஞ்சிருக்கீங்க. அப்புறம் எப்படிங்க தர்மம்?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

இலவசமாகச் செயற்கைக்கால் செய்து தரும் அந்த நிறுவனத்தின் செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படித் துருவுகிறவர்கள்தான் பெரிய தொகையாக நன்கொடை கொடுப்பார்கள். மனதுக்குள் அவர் பட்டறைக்குப் புது இயந்திரமே வாங்கிவிட்டார்.

"லாப நோக்கமில்லாத கம்பெனிம்மா. பங்குதாரர் கிடையாது. மிஞ்சினா அடுத்த ஆளோட காலுக்குத்தான் போகும். இந்தாங்க, பதிவுச் சான்று, தணிக்கை அறிக்கை."

"நிர்வாகிங்க யாராவது தனியா கால் விக்கிறாங்களா?"

"வித்தா எனக்கு ஏம்மா இந்தப் பிஞ்ச செருப்பு?"

அவள் சிரிக்கவில்லை. வரி வரியாக வாசித்தாள். கடைசியில் பெருமூச்சு விட்டாள்.

"இப்பதாங்க நிம்மதி."

அவர் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார்.

"நான் கொடுக்க வரலைங்க. நாளைக்கு நீங்க கால் பொருத்தப் போறது என் பொண்ணுக்குத்தான். முன்னாடி ஒரு கம்பெனி சேவைன்னு சும்மா கொடுத்துட்டு, விளம்பரத்துல அவ படத்தைப் போட்டே ஊர் பூரா கால் வித்தாங்க. அந்தக் கூச்சத்துல அவ பள்ளிக்கூடம் போறதையே விட்டுட்டா."

செயலாளர் ரசீதுப் புத்தகத்தை மூடினார். பிறகு போனை எடுத்தார்.

"தம்பி, ஆண்டறிக்கைக்குப் படம் எடுக்க நாளைக்கு வர வேண்டாம்."

"அப்போ கூட்டிட்டு வர்றேங்க" என்று அந்த அம்மாள் எழுந்தாள்.