அப்பாவின் கைக்கம்ப்யூட்டர்

“கையை எடுத்துராதண்ணே! எடுத்தா உயிர் போயிரும்!”

நாகஜோதி கத்தினாள். வீரபத்திரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கம்பிகளையும் விரல்நுனியால் அழுத்தியபடி நின்றான். நெற்றி வியர்வை மூக்கில் இறங்கியும் துடைக்கவில்லை.

போக இருந்த உயிர், ஒரு பழைய கைக்கம்ப்யூட்டருடையது. மடக்கினால் சட்டைப் பைக்குள் போய்விடும். அவர்களுடைய அப்பா இருளப்பசாமி, ஊர் ஊராய்ப் பருத்தி வாங்கப் போன காலத்திலிருந்து சாகும்வரை கூடவே வைத்திருந்த சாமான். அதன் பேட்டரி உப்பிப் போனதால், வேறொரு பேட்டரியிலிருந்து இழுத்த கம்பியில்தான் இப்போது ஓடிக்கொண்டிருந்தது.

அருப்புக்கோட்டையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நாகஜோதிக்கு இது பழகிய வேலைதான். ஆனால் இன்றைக்கு நேரமில்லை. மதியத்துக்குள் திருச்சுழி பத்திர ஆபீஸில் நிற்க வேண்டும். பரளச்சியில் அப்பா விட்டுப்போன நிலத்தில், தன் பாதியை அண்ணனுக்கே விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

“கடைசியா ஒரு தடவை கேக்குறேண்ணே. அப்பா எனக்குன்னு எதுவும் சொல்லலையா? ஒத்த வார்த்தை சொல்லியிருந்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன், ஆமா.”

“சொன்னா மறைப்பனா தாயி? இந்த மிசினை ஜோதிகிட்டக் குடுத்துருன்னாக. குடுத்துட்டேன்ல?”

அதுதான் அவளுக்கு ஆறவில்லை. ஆயுசு முழுக்க ‘என் மகன், என் மகன்’ என்றே பேசிய மனிதர், மகளுக்கென்று விட்டுப்போனது பூட்டிய டப்பா ஒன்று. பாஸ்வேர்டைக்கூடச் சொல்லாமல் கண்ணை மூடிவிட்டார்.

“இன்னும் ஒண்ணு ரெண்டு போட்டுப் பாக்கட்டா?”

“அதான் வீட்டுல உள்ள பேரு அம்புட்டும் போட்டாச்சே!”

போட்டுத்தான் பார்த்தாள். அண்ணன் பேர், செத்துப்போன அம்மா பேர், மதினி பேர், குலசாமி பேர், அப்பா ஓட்டிய பழைய மொபெட்டின் நம்பர்வரை. அண்ணன்தான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். எதற்கும் அது வாய் திறக்கவில்லை.

“பூட்டுன போனெல்லாம் நீ அழிச்சுட்டுத்தானே புதுசாக்கிக் குடுக்கிற? இதையும் அப்படிப் பண்ணு. அப்பா ஞாபகமா ஓட்டிக்கிட்டு இரு.”

மெமரி கார்டைச் செருகினாள். இந்தக் கிழட்டு மெஷினுக்குத் தோதாக, லினக்ஸ் என்ற சின்ன இயங்குதளம் ஒன்றை அதில் ஏற்றி வைத்திருந்தாள். திரையில் வரிகள் ஓடி நின்றன.

“உள்ளே முக்கால்வாசி நிறைஞ்சிருக்குண்ணே. என்னன்னுதான் பாக்க முடியல.”

“பருத்தி எடையாத்தான் இருக்கும். புதையலா வச்சிருக்கப் போறாக?”

அவளும் சிரித்துவிட்டாள். ‘பழையது முழுவதும் அழிந்துவிடும், சம்மதமா?’ என்று மெஷின் கேட்டது. சம்மதம் என்று அமுக்கினாள்.

லினக்ஸ் ஆமை வேகத்தில் ஏறியது. கம்பி சூடேறி அண்ணனின் விரல்நுனி சிவந்தது.

“சுடுதாண்ணே?”

“சுட்டாச் சுடட்டும். நீ வேலையை முடி.”

அவளுக்குக் கண் கலங்கியது. தண்ணீர்ச் செம்பைக்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத அண்ணன் இவன். “இம்புட்டுப் பாசத்தையும் எங்கண்ணே ஒளிச்சு வச்சிருந்த?”

 திரையில் லினக்ஸின் சின்னமான குட்டிப் பென்குயின் வந்து நின்றதும் அவன் விரலை எடுத்து ஊதிக்கொண்டான்.

“பழசு எதுவும் மிச்சமில்லையே?”

“சுத்தமாத் துடைச்சாச்சுண்ணே. இனி யாரு வந்தாலும் எடுக்க முடியாது.”

“அப்பக் கிளம்பு. ஆபீஸை மூடிருவாக.”

திருச்சுழியில் வேலை சீக்கிரமே முடிந்தது. கையெழுத்துப் போட்டாள், விரல் ரேகை வைத்தாள். பத்திரத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அண்ணன் வண்டி எடுக்கப் போனான். நாகஜோதி வேப்பமர நிழலில் ஒதுங்கியபோது போன் அடித்தது. அண்ணன் மனைவி தங்கலட்சுமி.

“என்ன தாயி, உன் பாதி உன் பேருக்கு வந்துருச்சா?”

“கிண்டலா மதினி? இப்பத்தான் எல்லாத்தையும் அண்ணன் பேருக்கு எழுதிக் குடுத்துட்டு நிக்கிறேன்.”

“எழுதிக் குடுத்தியா? பாகம் பிரிச்சு உனக்கு எழுதப் போறேன்னுதானே இவுக கிளம்பினாக! மாமா பேசினதைக் கேட்டுமா குடுத்த?”

“அப்பா எங்க பேசினாக?”

“அந்த மிசினுக்குள்ளதான். படுக்கையில கிடந்துக்கிட்டு, ‘பரளச்சி நிலத்துல பாதி ஜோதிக்குத்தான், எம்புள்ளைய நான் ஒரு நாளும் வாயாரக் கூப்பிட்டதில்ல’ன்னு அழுது அழுது பேசிப் பதிஞ்சு வச்சாக. நான்தானே வாய்கிட்டப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்.”

நாகஜோதி அடிமரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“பாஸ்வேர்டு தெரியல மதினி. நானே... என் கையாலேயே அழிச்சுட்டேன்.”

 ரோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, அண்ணன் ஹாரன் அடித்தான்.

“தெரியலையா? மாமா அதை உங்கண்ணன்கிட்டத்தானே சொல்லிட்டுப் போனாக!” தங்கலட்சுமியின் குரல் உடைந்தது. “உன் பேருதான் தாயி.”