மூன்றாவது வாரிசு

செண்பகவல்லியின் கணவன் இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவன் வீட்டை விற்றுவிட்டு, மருமகளைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிட மாமியார் ராசம்மாள் முடிவுசெய்திருந்தாள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருவரும் வாரிசு காட்டும் கருவியில் விரல் வைத்தார்கள்.

"மூணு வாரிசு காட்டுதும்மா. இன்னொருத்தர் எங்க?" என்றார் சார்பதிவாளர்.

"எங்களை விட்டா வேற யாருங்க இருக்கா?" என்றாள் ராசம்மாள்.

அவர் கருவியை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். "அவரும் இங்கயேதான் நிக்கிறதாக் காட்டுது."

செண்பகவல்லி மெதுவாக வயிற்றைத் தொட்டாள்.

முதலீட்டுக்காக வீடு வாங்க வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பொறக்கிறதுக்குள்ள முடிச்சிரலாங்களா?"

"மைனர் பங்குங்க. கோர்ட்டு உத்தரவு இல்லாம தொட முடியாது," என்றார் சார்பதிவாளர். "அடுத்த டோக்கன்!"

ராசம்மாள் மருமகளை நாற்காலியில் உட்காரவைத்து, கையெழுத்தாகாத பத்திரத்தால் விசிறத் தொடங்கினாள்.