அக்கரை

"இந்தப் பெட்டிக்குப் பவர் கம்மிக்கா. தனியா கரண்டு கேக்காத சின்ன கார்டுதான் தாங்கும்" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டர் கடை முபாரக் புது கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தி மூடினான். ரெஜினா, இறந்துபோன மகனின் விளையாட்டைத் திறந்தாள். பழைய கார்டில் ஆற்றுக்கு அப்பால் வெறும் மூடுபனிதான் தெரியும். "நல்ல கார்டு போட்டா அக்கரை தெரியும்மா" என்று மகன் கடைசிவரை நச்சரித்துக்கொண்டிருந்தான். இப்போது பனி விலகியது. அக்கரையில் ஒரு வீடு. வாசற்படியில் உட்கார்ந்திருந்த பையன் அவளைக் கண்டதும் எழுந்து, இரண்டு கைகளையும் உயர்த்தி வேகமாக ஆட்டினான். கூப்பிடுகிறானா, வராதே என்கிறானா, தெரியவில்லை.

"இந்த கேம்ல வேற ஆளே கிடையாதேக்கா" என்றான் முபாரக்.

அவள் விரல் அதற்குள் முன்னே நடக்கும் பொத்தானை அழுத்தியிருந்தது. திரையில் ஆற்றுத் தண்ணீர் முழங்காலுக்கு ஏற, இங்கே அவள் புடவை நனைந்து காலில் ஒட்டியது.