பின்பலகை

கரையில் நான்கு பேர் நின்றார்கள். மீட்புக் குழுவின் தலைவர், மெக்கானிக், நீச்சல்காரன், வண்டி ஓட்டி வந்தவன். அவனை எல்லோரும் ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள்.

எதிரே, வெள்ளத்துக்கு நடுவில், ஒரு தகரக் கூரையின் மேல் ஒரு பெண். அவள் இடுப்பில் ஒரு குழந்தை.

டிரெய்லரில் காற்றடைத்த ரப்பர் படகு. அதன் பின்னால் மோட்டார், கழற்றாமல், மாட்டியபடியே.

மெக்கானிக்தான் முதலில் பார்த்தார். குனிந்து தொட்டுப் பார்த்தார்.

மோட்டாரைத் தாங்கும் பின்பலகை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. பலகை மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. அது ரப்பர் குழாயோடு சேர்த்து ஒட்டப்பட்டது. பிய்ந்தபோது குழாயின் தோலையும் உரித்துக்கொண்டு வந்திருந்தது. ஒரு முழத்துக்குக் கிழிசல். அந்தப் பக்கம் முழுக்கக் காற்று இறங்கி, பட்டினி கிடந்த வயிறு மாதிரி ஒட்டிக் கிடந்தது.

காரணத்தை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த மோட்டார் ஓர் ஆள் கனம். தண்ணீரில் இருக்கும்வரை சாது. சாலையில் இழுத்துப் போனால், ஒவ்வொரு பள்ளத்துக்கும் எகிறிப் பலகையைப் பிடித்து உலுக்கும். பசை எத்தனை உலுக்கலைத் தாங்கும்? அதனால்தான் கிளம்பும் முன் மோட்டாரைக் கழற்றி வண்டிக்குள் படுக்கவைப்பது. அதற்கு நேரமில்லை என்றால், அதற்கும் டிரெய்லருக்கும் நடுவில் ஒரு கட்டையையாவது முட்டுக்கொடுப்பது.

இன்று இரண்டும் இல்லை.

மற்ற நாட்களில் இதற்காகச் சண்டை பிடிப்பவனே ஆமைதான். மோட்டாரைக் கழற்றாமல் சாவியைத் தொட மாட்டான். பாதி வழியில் வண்டியை நிறுத்தி, டிரெய்லரைச் சுற்றிவந்து, கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஏறுவான். "நீ போய்ச் சேர்றதுக்குள்ள வெள்ளமே வடிஞ்சிரும்டா" என்பான் நீச்சல்காரன். ஆமை என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இன்று தகவல் வந்ததும், ஸ்பேனரை எடுத்த மெக்கானிக்கின் கையை அவனே பிடித்துக்கொண்டான்.

"வேணாம்ண்ணே. இங்க கழட்டி அங்க மாட்டிக்கிட்டிருந்தா எல்லாம் முடிஞ்சிரும். ஏறுங்க."

மெக்கானிக் தலைவரைப் பார்த்தார். தலைவர் வாசலைப் பார்த்தார். ஸ்பேனர் பைக்குள் போனது.

தார்ச்சாலை முங்கிக் கிடந்ததால் கல்குவாரிப் பாதை. இருக்கையிலிருந்து எம்பி எம்பி விழுந்தார்கள். "மெதுவாப் போடா" என்று தலைவர் கத்தியது ஆமையின் காதில் ஏறவில்லை.

"ஆமைக்கு இன்னைக்கு றெக்கை மொளச்சிருச்சு சார்" என்று நீச்சல்காரன் சிரித்தான். கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தான்.

இப்போது அவன் சிரிக்கவில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கியவனை, நாலு கை போடுவதற்குள் வெள்ளம் பக்கவாட்டில் அள்ளிக்கொண்டு போனது. மற்ற மூவரும் இழுத்துக் கரையில் போட்டார்கள். உட்கார்ந்து சேற்றுத் தண்ணீரை வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான்.

தலைவர் வயர்லெஸ்ஸை இறக்கினார். அடுத்த படகு வேறு எங்கோ இருந்தது. வர ஒரு மணி நேரமாவது ஆகும்.

கூரையின் ஓரத்தை நனைத்துக்கொண்டிருந்த தண்ணீருக்கு அவ்வளவு பொறுமை இருக்கும் என்று மெக்கானிக்குக்குத் தோன்றவில்லை.

அதற்குள் ஆமை டிரெய்லர்மேல் ஏறி மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தான். காலையில் கழற்ற விடாதவன். திருகைத் திருப்பும் விரல்களில் தோல் உரிந்து ரத்தம் வந்தது.

"ஒரு பக்கம் காத்து நிக்குதில்ல சார். இதைக் கீழ தள்ளிட்டு, துடுப்புப் போட்டே போயிருவேன்."

"இழுத்துட்டுப் போயி கீழ இருக்கிற பாலத்துல அடிச்சிரும். அப்புறம் உன் பொணத்தைத் தேட நான் எங்கடா போவேன்? இறங்கு!"

அவன் இறங்கவில்லை.

கூரைமேல் அந்தப் பெண் குழந்தையைத் தோளுக்கு ஏற்றினாள். குழந்தை இந்தப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டியது. காற்று ஒரு நொடி அடங்கியபோது அதன் குரல் தெளிவாகக் கேட்டது.

அப்பா.

கூரையில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்றுதான் மெக்கானிக் நினைத்தார். கண்ணைச் சுருக்கித் தேடினார். ஆண் யாரும் இல்லை.

திரும்பினார். ஆமை படகில் நிமிர்ந்து நின்று, ஸ்பேனர் பிடித்த கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான்.

மனைவியும் மகளும் மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று போன வாரம் டீ குடிக்கும்போது சொன்னான். எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை.

சொந்தக்காரர்கள் மாட்டிக்கொண்ட இடத்துக்குக் குழுவில் யாரையும் தலைவர் கூட்டிப்போக மாட்டார். பாசம் இருக்கிற இடத்தில் புத்தி வேலை செய்யாது என்பது அவர் கட்சி. காலையில் ஆமை வாயைத் திறந்திருந்தால் வேறு யாராவது ஓட்டியிருப்பார்கள். மோட்டாரைக் கழற்றியிருப்பார்கள். நிதானமாக வந்திருப்பார்கள்.

  ஆமைக்கு அது தெரியாமல் இல்லை என்பது அவன் முகத்திலேயே இருந்தது.

மோட்டார் தரையில் விழுந்தது. அவன் படகைத் தண்ணீருக்குத் தள்ள ஆரம்பித்தான்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். கடித்தான். உதைத்தான். "விடுங்கண்ணே, உங்க கால்ல விழறேன்" என்றான். வண்டியின் பின்னால் சாமான் வைக்கும் அறைக்குள் அவனைத் தள்ளினார்கள். அதில் சன்னல் கிடையாது. இப்போதைக்கு அவனுக்கு அதுவே நல்லது என்று மெக்கானிக் நினைத்தார்.

கதவை முதுகால் முட்டிச் சாத்தி, வெளியே பூட்டினார்.