குழாயை இடித்தவர்

"சாவியைக் குடுங்கப்பா. ரெண்டு சாவியும் வேணும்."

ரெனீ கையை நீட்டியபடி நின்றாள். லியோ பார்ட்கோ சமையலறை மேசையைவிட்டு எழவில்லை. ஆறிப்போன காபிக் கோப்பையை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஏதோ கவனம் தப்பிடுச்சும்மா."

"கவனம் தப்பி எதுல போய் மோதியிருக்கீங்க! தீயணைப்புக் குழாய்ல! இந்த ஊர்த் தீயணைப்புப் படைக்கு முப்பது வருஷம் தலைவரா இருந்தவர் நீங்க. குழாய் பக்கத்துல எவனாவது வண்டியை நிறுத்தினா நடுத்தெருவுல நிக்கவச்சுத் திட்டுவீங்க. இப்ப ஊரே சிரிக்குது."

ஜன்னல் வழியே தெருமுனை தெரிந்தது. தீயணைப்பு வண்டிகள் தண்ணீர் பிடிக்கும் சிவப்புக் குழாய் நின்ற இடத்தில் ஒரு பள்ளமும் அதைச் சுற்றி மஞ்சள் நாடாவும்தான் மிச்சம். போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் அங்கே பீறிட்ட தண்ணீர் எதிர்வரிசை வீடுகளின் நிலவறைகளில் எல்லாம் இறங்கியிருந்தது. புதுக் குழாய், பள்ளம் தோண்டிய கூலி, வீணான தண்ணீர் என்று நகராட்சி அனுப்பிய பில்லில், இன்ஷூரன்ஸ் கொடுப்பது பாதிக்குக் கொஞ்சம் மேலே. மீதிக்குத் தன் மீன்பிடிப் படகை விற்றுவிட்டார் லியோ.

"பணத்தை விடுங்க. அம்மா நெத்தியைப் பாருங்க!"

சோபாவில் டோலொரஸ் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பிளாஸ்திரி.

"பக்கத்துல உக்காரவச்சுக்கிட்டு இப்படியா ஓட்டுவீங்க? இன்னும் கொஞ்சம் வேகமாப் போயிருந்தா அம்மாவைக் கொன்னிருப்பீங்கப்பா."

கோப்பையைத் திருப்பிய கை நின்றது.

"தெரியும்," என்றார் லியோ.

"யாரும்மா நீ?" என்றாள் டோலொரஸ். "ஏன் அவரைத் திட்டறே? பாவம், ரொம்ப நல்ல மனுஷன்."

ரெனீ சோபா அருகே குனிந்தாள். "நான் ரெனீம்மா. உங்க பொண்ணு."

அப்பா பக்கம் திரும்பியபோது அவள் குரல் தணிந்திருந்தது. "அம்மாவை முதியோர் இல்லத்துல சேத்துடலாம்னு போன மாசமே சொன்னேன். 'நான் இருக்கேன், பாத்துக்கறேன்'னீங்க. இப்ப உங்களையே ஒருத்தர் பாத்துக்கணும் போலிருக்கு."

"உங்கம்மாவை இதுல இழுக்காதே. தப்பு என்னோடது. காரை எடுத்துக்கோ. லைசென்ஸையும் குடுத்துடறேன். நான் நடந்துபோயே சாமான் வாங்கிக்கறேன்."

வாசலில் யாரோ தட்டினார்கள். டுவைட். லியோவிடம் தொழில் கற்று, இப்போது அவர் இடத்தில் தலைவராக இருப்பவன்.

"தலைவரே! தாகமா இருந்தா ஒரு போன் போட்டிருக்கலாம்ல? டேங்கரையே வாசல்ல கொண்டுவந்து நிறுத்தியிருப்பேனே!"

லியோ சிரிக்கப் பார்த்தார். டுவைட்டின் சிரிப்பும் நெடுநேரம் நிற்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"சனிக்கிழமை திறப்புவிழா விஷயமா வந்தேன். புதுக் கட்டடத்துக்கு உங்க பேரை வைக்கறதுல... கவுன்சில்ல சில பேர் முணுமுணுக்கறாங்க. குழாயை இடிச்சவர் பேரையா தீயணைப்பு நிலையத்துக்கு வைக்கறதுன்னு..."

"நியாயம்தானேப்பா," என்றார் லியோ. "நான் அங்க உக்காந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

பையிலிருந்து இரண்டு சாவிகளையும் எடுத்து மேசைமேல் வைத்தார். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

சாவியை எடுத்துக்கொண்டு ரெனீ வெளியே வந்தாள். டுவைட்டும் கூடவே வந்தான். முன்பக்கம் நசுங்கிய கார், இழுவை வண்டிக்காரர்கள் செவ்வாயன்று விட்டுப்போன இடத்திலேயே நின்றது. அதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை.

"ரெனீ, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதே," என்றான் டுவைட். "இந்த ஊர்ல இருக்கற ஒவ்வொரு குழாயையும் கண்ணைக் கட்டிவிட்டாலும் தொட்டுக் காட்டுவார் அவர். என் மனசு ஒப்பவே மாட்டேங்குது. நெஜமாவே அவர்தான் ஓட்டினாரா? இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லு போதும். சனிக்கிழமையே அவர் பேரைக் கட்டடத்துல ஏத்திடறேன்."

"நீ வேற, டுவைட். வேற யாரு ஓட்டியிருப்பா?" என்று சலித்துக்கொண்டே ரெனீ கார்க் கதவைத் திறந்தாள். டுவைட் குனிந்து நசுங்கிய பம்பரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளால் உட்கார முடியவில்லை. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட் முன்னால் போகிறமட்டும் இழுக்கப்பட்டிருந்தது. அதன்மேல், உயரத்துக்காக, வரவேற்பறை சோபாவின் பூப்போட்ட குஷன்.

அப்பா ஆறடி இரண்டங்குலம். இந்த சீட்டில் அவரால் ஒரு காலைக்கூட உள்ளே வைத்திருக்க முடியாது.

ரெனீ நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே அப்பா தரையில் மண்டியிட்டு அம்மாவின் காலில் காலுறை மாட்டிக்கொண்டிருந்தார். யாரென்று தெரியாமலே அம்மா அவர் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ரெனீ, பதிலையே காணோம்?" டுவைட் நிமிர்ந்தான்.

குஷனைச் சத்தமில்லாமல் பின்சீட்டுக்கு அடியில் தள்ளினாள். நெம்புகோலைப் பிடித்து, சீட்டைப் பின்னால் போகிறமட்டும் தள்ளினாள்.

"அப்பாதான் டுவைட்," என்றாள். "வயசாயிடுச்சு இல்லையா."